கம்யூனிட்டி காலேஜிலிருந்து மெக்கானிக்கல் பட்டத்துக்கு: 2+2 ஏன் 5 ஆகிறது

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தை நடத்தும் கம்யூனிட்டி காலேஜில், பாடங்களை அளக்கும் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 2012இலிருந்து அது ஏறவில்லை. மாநிலத்தில் குடியிருக்கும் மாணவர் இரண்டு ஆண்டில் 65, 70 யூனிட் படித்தாலும் கல்விக் கட்டணம் 3,000 டாலரை ஒட்டித்தான் வரும். முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் அதையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன. அதே மாணவர் பள்ளி முடித்த கையோடு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக யூ.சி.யின், ஒரு வளாகத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல் ஆகும்; தங்குமிடமும் சாப்பாடும் தனி. முதல் இரண்டு வருடத்தை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால், கடைசியில் இரண்டு பேர் கையிலும் ஒரே பட்டம்தான். எங்கே தொடங்கினார் என்று சான்றிதழில் ஒரு வரிகூட இருக்காது. பொறியியல் படிப்புகளுக்கு ஏபெட் என்ற அமைப்பு தரும் அங்கீகாரமும் பட்டத்துக்குத்தான், படித்த வழிக்கு அல்ல.

உளவியல், வணிகம், வரலாறு என்று எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது. மெக்கானிக்கல் எடுப்பவர்களுக்கு இடிக்கிறது. இரண்டு வருடம் என்று நினைத்து உள்ளே போனவர் மூன்று வருடம் கழித்துத்தான் வெளியே வருகிறார். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் இரண்டில் முடியாமல் இரண்டரை, மூன்று என்று இழுக்கிறது. மதிப்பெண் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது நடக்கிறதே. அவர்கள் தடுக்கி விழுவது பாடங்களின் வரிசையில்.

இந்தக் கல்லூரிகள் தொடங்கப்பட்டதே ட்ரான்ஸ்ஃபரை, அதாவது இப்படி நடுவில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை, மனதில் வைத்துத்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1901இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் காலேஜ் தொடங்கியபோது, அதன் பின்னால் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் யோசனை இருந்தது. பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தை உள்ளூரிலேயே நடத்திவிடலாம், ஆய்வையும் மேல்படிப்பையும் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர். கலிபோர்னியா 1960இல் இதை ஒரு மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது. யூ.சி. தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று கொண்டுவந்த ‘மாஸ்டர் பிளான்’ படி, பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூ.சி., முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட் என்ற மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத் தொகுதி, மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். கூடவே பல்கலைக்கழகங்களில் கீழ் இரண்டு வருடத்துக்கு 40 பேர் என்றால் மேல் இரண்டு வருடத்துக்கு 60 பேர் இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். அந்த அதிகப்படியான இடம் நடுவில் வந்து சேர்கிறவர்களுக்கு. இன்றும் யூ.சி.யில் புதிதாகச் சேர்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ட்ரான்ஸ்ஃபர் மாணவர்தான். ஆகவே இதைப் பின்வாசல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாசல் சரிதான். வாசலுக்குப் போகிற படிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றைத் தொட்டால்தான் அடுத்தது

மெக்கானிக்கலின் கீழ் இரண்டு வருடப் பாடங்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. கால்குலஸ் ஒன்றை முடித்தால்தான் இயற்பியலின் முதல் பாடமான மெக்கானிக்ஸ். சில கல்லூரிகளில் இரண்டையும் சேர்த்து எடுக்க விடுவார்கள். கால்குலஸ் இரண்டு இருந்தால்தான் மின்சாரமும் காந்தவியலும். இயற்பியல் மெக்கானிக்ஸை முடித்தால்தான் ஸ்டாடிக்ஸ், அதாவது அசையாத பொருளின் மேல் விசைகள் எப்படிச் சமன்படுகின்றன என்கிற பாடம். ஸ்டாடிக்ஸ் முடிந்தால்தான் டைனமிக்ஸும், நம் ஊர் மெக்கானிக்கல் மாணவர்கள் எஸ்.ஓ.எம். என்று சொல்கிற பொருள்களின் வலிமைப் பாடமும். இன்னொரு பக்கம் கால்குலஸ் மூன்று, லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். வேதியியல் முடிந்தால் மெட்டீரியல்ஸ். இவற்றோடு கணினியில் வரையும் கேட், நிரல் எழுத மேட்லாப் அல்லது சி++, சில இடங்களில் எலெக்ட்ரிக் சர்க்யூட்.

இதை நான்கு செமஸ்டரில் போட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் கால்குலஸ் ஒன்று, வேதியியல். இரண்டாவதில் கால்குலஸ் இரண்டு, மெக்கானிக்ஸ். மூன்றாவதில் கால்குலஸ் மூன்று, மின்சாரம், ஸ்டாடிக்ஸ். நான்காவதில் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் அல்ஜீப்ரா, மூன்றாவது இயற்பியல், டைனமிக்ஸ் அல்லது எஸ்.ஓ.எம். சரியாக நான்கில் அடங்கிவிட்டது. ஆனால் ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை. முதல் நாளே கால்குலஸில் உட்கார்ந்து, எந்தப் பாடத்திலும் தவறாமல், வேண்டிய பாடம் வேண்டிய செமஸ்டரில் நடக்கவும் நடந்தால்தான் இந்த அட்டவணை.

மூன்றும் அமைவது அரிது. பள்ளியில் ட்ரிக்னாமெட்ரி வரை வந்து நின்றவர்கள் ப்ரீகால்குலஸிலிருந்து தொடங்குவார்கள். அங்கேயே அரை வருடமோ ஒரு வருடமோ போய்விடும். இதை மாற்றத்தான் கலிபோர்னியாவில் 2017இல் ஏ.பி. 705, 2022இல் ஏ.பி. 1705 என்று இரண்டு சட்டங்கள் வந்தன. முன்தயாரிப்புப் பாடத்தில் உட்காருவதால் மாணவருக்கு உண்மையில் பயன் இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், அவரை அதில் தேக்கி வைக்காதே என்பது சாரம். அறிவியல், பொறியியல் மாணவர்களை நேராகக் கால்குலஸில் அமர்த்தும் போக்கு இதிலிருந்து வந்ததுதான். கணித ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தார்கள். முன்தயாரிப்பு என்ற பெயரில் வருடக்கணக்கில் சுற்றவிட்டு, பாதி வழியில் மாணவர்களை இழந்தது உண்மை. அதை நிறுத்தியது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் மெக்கானிக்கல்காரருக்குக் கால்குலஸ் ஒன்றில் தட்டுத் தடுமாறி ‘சி’ வாங்குவது போதாது. அங்கே அரைகுறையாக விட்ட அல்ஜீப்ரா அவருக்கு மின்சாரப் பாடத்தில் வந்து நிற்கும், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸில் மறுபடி வந்து நிற்கும்.

அப்புறம் ஸ்டாடிக்ஸ். கால்குலஸுக்குப் பத்து வகுப்பு நடத்தும் கல்லூரியில்கூட ஸ்டாடிக்ஸுக்குக் கூட்டம் வராது. அதனால் பல கல்லூரிகளில் அது வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் நடக்கும். போதுமான பேர் பதிவு செய்யாவிட்டால் வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் அடுத்த வருடம்தான் என்கிற ஊர் மாதிரி. இயற்பியல் மெக்கானிக்ஸில் ஒரு செமஸ்டர் பிந்தியவருக்கு ஸ்டாடிக்ஸில் ஒரு வருடம் பிந்துகிறது. இந்தப் பாடங்களை நடத்துகிறவர்களில் பலர் பகுதிநேர ஆசிரியர்கள். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் நாற்பது மைல் தள்ளி இன்னொரு கல்லூரி என்று காரிலேயே வாழ்வதால் கலிபோர்னியாவில் இவர்களை ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்பார்கள். அப்படி ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த வருட டைனமிக்ஸ் வகுப்பு அவரோடு போய்விடவும் கூடும்.

இதில் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. பக்கத்து மாவட்டக் கல்லூரியில் அந்தப் பாடம் நடந்தால் அங்கே போய் எடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளில் பதிவு செய்து படிக்கிற பொறியியல் மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். தொடர்பாடங்களில் மட்டும் கவனம் வேண்டும். இயற்பியல் மூன்று பாடங்களையும் ஒரு தொகுதியாக ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகம், ஒன்றை இங்கேயும் இரண்டை அங்கேயும் படித்துவிட்டு வந்தால் இழுத்தடிக்கலாம். இரண்டு கல்லூரிகளும் அதே உள்ளடக்கத்தை வேறு வேறு விதமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கல்லூரியில் வெப்பவியல் இரண்டாம் பாடத்தில் இருக்கும், இன்னொன்றில் மூன்றாவதில். நடுவில் மாறியவர் வெப்பவியலை இரண்டு முறை படித்துவிட்டு ஒளியியலை ஒரு முறையும் படிக்காமல் போவார்.

எந்தப் பாடம் எதற்குச் சமம்

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அசிஸ்ட் என்ற பொதுத்தளத்தில் எந்தக் கம்யூனிட்டி காலேஜ், எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்திகளில் ஒப்பந்தம் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்குச் சமமான பாடம். சமமான பாடம் இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். யூ.சி.யும் கால் ஸ்டேட்டும் இரண்டுமே இதில் உண்டு.

இதை ஒழுங்காகப் படிக்கிறவர்களுக்கு முதலில் தெரிய வருவது, மெக்கானிக்கல் என்ற ஒரே பெயருக்குள் ஒவ்வொரு வளாகமும் வேறு வேறு பட்டியல் வைத்திருக்கிறது என்பதுதான். ஒரு வளாகத்துக்கு மேட்லாப், இன்னொன்றுக்குச் சி++. ஒன்று வேதியியல் ஒரு செமஸ்டர் போதும் என்கிறது, மற்றது இரண்டு கேட்கிறது. ஒன்று ஸ்டாடிக்ஸைச் சேர்க்கைக்கே கட்டாயமாக்குகிறது, இன்னொன்றில் அது ‘இருந்தால் நல்லது’ வகை. ஐந்து வளாகத்துக்கு விண்ணப்பம் போட நினைப்பவர் ஐந்து பட்டியலையும் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் தழுவும் பெரிய பட்டியலைத்தான் படித்தாக வேண்டும். நான்கு செமஸ்டர் ஐந்தாகும் இடங்களில் இது ஒன்று. கெட்டிக்காரத்தனமாக இரண்டு மூன்று வளாகங்களோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் சீக்கிரம் வெளியே போகிறார்கள்.

இங்கே ஆலோசகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருவருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள், அதில் பொறியியல்காரர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லோருக்கும் சொல்வதையே இவர்களுக்கும் சொல்லிவிடுகிறார்கள்: முதலில் பொதுப் பாடங்களை முடித்துவிடு. ஆங்கிலம், வரலாறு, கலை, சமூக அறிவியல் எல்லாம் அடங்கிய அந்தத் தொகுதிக்கு ஐகெட்சி என்று பெயர் இருந்தது. 2025 இலையுதிர் காலத்திலிருந்து அதன் இடத்தில் கால்கெட்சி வந்திருக்கிறது. மற்ற துறைகளுக்கு இது பொன்னான யோசனை. மெக்கானிக்கலுக்கு இது தலைகீழ். முதல் வருடம் முழுக்க நாடக ரசனையும் உளவியல் அறிமுகமும் எடுத்து 30 யூனிட் சேர்த்த மாணவர், கால்குலஸ் ஒன்றில் நிற்கிறார். யூனிட் கணக்கில் அவர் பாதி வழி வந்துவிட்டார், பாட வரிசையில் இன்னும் தொடங்கவே இல்லை. யூ.சி.யின் பொறியியல் பிரிவுகள் துறைக்கான முன்பாடங்களை முதலில் முடியுங்கள், பொதுப் பாடங்கள் பின்னால் வரட்டும் என்றுதான் வெளிப்படையாகச் சொல்லி வருகின்றன. ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை யாரையும் விடாது.

2010இல் எஸ்.பி. 1440 என்ற சட்டம் உண்டாக்கிய ‘ட்ரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம்’ என்ற நல்ல ஏற்பாடும் இதே காரணத்தால் மெக்கானிக்கலுக்கு ஒத்துவரவில்லை. 60 யூனிட்டுக்குள் பொதுப் பாடமும் துறைப் பாடமும் அடங்க வேண்டும், முடித்தவருக்குக் கால் ஸ்டேட்டில் எங்காவது இடம் உறுதி. மேலே சொன்ன கணித, இயற்பியல், பொறியியல் பாடங்களே 60 யூனிட்டை நெருங்கிவிடும்போது பொதுப் பாடத்துக்கு எங்கே இடம்?

யூ.சி.யிலும் ‘டேக்’ என்று ஓர் உத்தரவாதம் உண்டு. செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும், குறிப்பிட்ட பாடமும் மதிப்பெண் சராசரியும் இருந்தால் இடம் உறுதி. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள்தான் இதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ இதில் இல்லை. ஆறிலும் சான்டா குரூஸில் மெக்கானிக்கல் துறையே கிடையாது. சான்டா பார்பரா தன் பொறியியல் கல்லூரியை இந்த உத்தரவாதத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. மிஞ்சும் இடங்களிலும் துறைக்குத் துறை நிபந்தனை வேறு, வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும். யூ.சி.யின் பொதுவான குறைந்தபட்சச் சராசரி மாநில மாணவர்களுக்கு 4க்கு 2.4 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிற பெற்றோர்கள் உண்டு. மெக்கானிக்கலுக்கு அந்த எண்ணை மறந்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது நாள்காட்டி. இலையுதிர் காலத்தில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். இரண்டு வருடத்தில் முடிக்க நினைப்பவர் அந்த நேரத்தில் மூன்றாவது செமஸ்டரின் நடுவில் இருப்பார். கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண் மட்டும். மின்சாரமும் ஸ்டாடிக்ஸும் நடந்துகொண்டிருக்கின்றன, மற்றவை ‘எடுக்கப் போகிறேன்’ பட்டியலில். ஜனவரியில் புதிய மதிப்பெண்களைச் சேர்க்க ஒரு வாய்ப்பு வரும். இடம் கிடைத்த பிறகு அந்தப் பட்டியலில் ஒன்று நழுவினாலும், வசந்தகால வகுப்பு ரத்தானாலும், கிடைத்த இடம் பறிபோகும் அபாயம் உண்டு. ஆகவே முதல் வருடத்தில் ‘கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும்’ என்று விடும் சொகுசு இவர்களுக்குக் கிடையாது.

போய்ச் சேர்ந்த பிறகு

பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், எஸ்.ஓ.எம். கம்யூனிட்டி காலேஜில் வகுப்புக்கு 30, 40 பேர், ஆசிரியருக்குப் பெயர் தெரியும். இங்கே பெரிய அரங்கு. பெரும்பாலான யூ.சி. வளாகங்களில் செமஸ்டருக்குப் பதில் பத்து வாரக் குவார்ட்டர் முறை, மூன்றாம் வாரமே முதல் தேர்வு வரலாம். முதல் பருவத்தில் சராசரி சரிவதை 1965இலேயே ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார்; ‘ட்ரான்ஸ்ஃபர் ஷாக்’ என்ற பெயர் அவரிடமிருந்து பரவியது. பெரும்பாலும் பிறகு மீண்டுவிடுகிறார்கள். யூ.சி.யில் ட்ரான்ஸ்ஃபர் மாணவர்கள் பட்டம் முடிக்கும் விகிதம், நேரடியாகச் சேர்ந்தவர்களுடையதற்குக் குறைந்ததல்ல.

மெக்கானிக்கலில் இந்தச் சரிவுக்கு அதிகம் பேசப்படாத ஒரு காரணம் இருக்கிறது. நேரடியாகச் சேர்ந்த மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் கடினமான இரண்டு பாடத்தோடு இலகுவான ஒரு பொதுப் பாடத்தையும் வைத்துக்கொள்வார். ட்ரான்ஸ்ஃபர் மாணவர் இலகுவானதையெல்லாம் பழைய கல்லூரியிலேயே முடித்துவிட்டு வருகிறார். மிஞ்சியிருப்பது கடினமானவை மட்டும். பொதுப் பாடங்களில் இரண்டு மூன்றை வேண்டுமென்றே மிச்சம் வைத்துக்கொண்டு போவதில் தப்பே இல்லை.

வேலைவாய்ப்பும் இதோடு சேர்கிறது. கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இலையுதிர் காலத்திலேயே வளாகத்துக்கு வந்துவிடும். அப்போது இவர் கையில் புதிய பல்கலைக்கழகத்தின் ஒரு மதிப்பெண்ணும் இருக்காது. ஃபார்முலா எஸ்.ஏ.இ., பாஹா எஸ்.ஏ.இ. என்று கார் கட்டும் மாணவர் குழுக்களில் மற்றவர்கள் முதல் வருடத்திலிருந்தே இருப்பார்கள். இவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கோடை. அதில்தான் எல்லாம்.

இவ்வளவையும் தாண்டி வருகிறவர்கள் எத்தனை பேர்? எல்லாத் துறைகளையும் சேர்த்து அமெரிக்கா முழுவதும் எடுத்த கணக்குப்படி, கம்யூனிட்டி காலேஜில் நுழைபவர்களில் ஐந்தில் நான்கு பேர் இளநிலைப் பட்டம் வேண்டும் என்றே வருகிறார்கள். ஆறு வருடத்தில் மூன்றில் ஒருவர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார், ஆறில் ஒருவர்தான் பட்டம் வாங்குகிறார். இவர்களில் வேலை பார்த்துக்கொண்டும் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டும் படிக்கிறவர்கள் ஏராளம் என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊர் லேட்டரல் என்ட்ரியோடு இதை ஒப்பிடத் தோன்றும். பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தவர் கலந்தாய்வு வழியாக நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் உட்காருகிறார். அங்கே ஒரு வருடத்தை மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள், பாடம் பாடமாக ஒத்துப் பார்ப்பதில்லை. அதனால் யாருக்கும் ஸ்டாடிக்ஸ் வகுப்புக்காக ஒரு வருடம் வீணாவதில்லை. விலை வேறு இடத்தில் கட்டப்படுகிறது: முதல் வருடக் கணிதம் படிக்காமலே மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் போய் விழுகிறார்கள், அரியர் அங்கேதான் குவிகிறது. லேத்திலும் ஃபிட்டிங்கிலும் கை பழகியவர்கள், கணக்கில் திணறுகிறார்கள். கலிபோர்னியாக்காரர் இதற்கு நேர் எதிர். டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் போடுவார், லேத்தைத் தொட்டிருக்க மாட்டார். இத்தனைக்கும் அதே கம்யூனிட்டி காலேஜின் அடுத்த கட்டடத்தில் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரமும் வெல்டிங்கும் சொல்லித் தருவார்கள். தொழிற்கல்வி என்று வகைப்படுத்தப்பட்ட அந்தப் பாடங்களில் பெரும்பாலானவற்றை யூ.சி. கணக்கில் எடுத்துக்கொள்ளாது. மெஷினிஸ்டாக நான்கு வருடம் வேலை செய்துவிட்டு மெக்கானிக்கல் பட்டத்துக்கு வருகிறவர் கால்குலஸ் ஒன்றில்தான் தொடங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இந்த வழியாக வர நினைப்பவர்களுக்கு 46 டாலர் கணக்கு பொருந்தாது. யூனிட்டுக்குப் பல நூறு டாலர் வெளியார் கட்டணம். செமஸ்டருக்கு 12 யூனிட் முழுநேரப் படிப்பு விசாவின் நிபந்தனை என்பதால், வேண்டிய பாடம் நடக்காத பருவத்தில் பேசாமல் ஒரே ஒரு பாடத்தோடு காத்திருக்கவும் முடியாது; தேவையில்லாத பாடத்துக்குப் பணம் கட்டித்தான் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். யூ.சி. கேட்கும் குறைந்தபட்சச் சராசரியும் இவர்களுக்கு 2.8. மாறிப் போன பிறகு, அங்கே மாநில மாணவர் கட்டும் தொகைக்கு மேல் வருடத்துக்கு இன்னும் 30,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும். மிச்சம் ஆவது முதல் இரண்டு வருடத்துச் செலவில் ஒரு பகுதி மட்டும். அது மூன்று வருடமாக நீண்டால் அந்த மிச்சத்திலும் பெரும்பங்கு போய்விடும். இவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் கட்டணப் பட்டியலைவிட முதலில் கேட்க வேண்டியது, கடந்த மூன்று வருடத்தில் அங்கே ஸ்டாடிக்ஸ், டைனமிக்ஸ், எஸ்.ஓ.எம். எந்தெந்தப் பருவத்தில் நடந்தன என்பதை. பழைய வகுப்பு அட்டவணைகளைப் பெரும்பாலான கல்லூரிகள் பொதுவில் வைத்திருக்கின்றன.